பழைய கேமரா லென்ஸில் பூசணம்: வீட்டிலேயே சுத்தம் செய்வது எப்படி?



வரி, உரிமம், தராசு முத்திரை, சரக்கு வரத்து என்று கடைச் சங்கதிகளே இடம்பெறும் இப்பக்கங்களில் இம்முறை கேமரா லென்ஸைப் பற்றி எழுதுகிறோம். மளிகைக் கடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. துவரம்பருப்பையும் புளியையும் மிளகாய் வற்றலையும் கெடுக்கின்ற அதே ஈரமும் அதே பூசணமும்தான் நம் வீட்டுப் பீரோவில் கிடக்கும் பழைய கேமராவின் கண்ணாடியையும் கெடுக்கின்றன. சரக்கைக் காக்கத் தெரிந்தவருக்கு லென்ஸைக் காக்கவும் தெரியும். அதற்கான முறையைத்தான் இங்கே சொல்ல வருகிறோம்.

நம்மில் பலர் வீடுகளில் அப்பாவோ அண்ணனோ வாங்கிய ஒரு ஃபிலிம் கேமரா இன்றும் இருக்கும். ஃபிலிம் போட்டுப் படம் எடுக்கும் வழக்கம் குறைந்துவிட்டாலும் அந்த லென்ஸ்கள் வீணாகிவிடவில்லை. இன்றைய டிஜிட்டல் கேமராக்களில் இடையே ஒரு இணைப்பு வளையம் போட்டு இவற்றைப் பொருத்தலாம். ஆகவே தூக்கிப் போடும் முன், அல்லது பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடும் முன், ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள்.

நம் வீட்டில் நடந்தது

நம் வீட்டில் இருப்பது சோவியத் நாட்டில் செய்த ஜெனித் கேமரா. அதனுடன் வந்தது ஹீலியோஸ் 44-2 என்னும் லென்ஸ். அண்ணன் வாங்கியது. 1981-ல் புதுக்கணக்கு அன்று அப்பா கல்லாவில் அமர்ந்திருந்ததை அந்தக் கேமராவில்தான் அண்ணன் படம் எடுத்தார். அப்பாவின் படங்களில் அவர் சிரித்திருப்பது அது ஒன்றில் மட்டுமே. அப்பாவும் இல்லை, அண்ணனும் இல்லை. கேமரா தோல் உறையோடு பல வருடம் பீரோவின் அடித்தட்டில் கிடந்தது.

பேரன் தன் கேமராவில் போட்டுப் பார்க்க அந்த லென்ஸைக் கேட்டபோது வெளியே எடுத்தோம். உள்ளே சிலந்தி வலை போல் வெள்ளை நூல்கள் ஓடியிருந்தன. வளையத்தைத் திருகினால் கல்லில் தேய்ப்பது போல் இறுக்கம். மாட்டுவதற்கு முன் பழுது பார்க்கலாம் என்றால், முன்பு லென்ஸ் பிரித்துத் தந்தவர் கடையை மூடிவிட்டிருந்தார். வேறு வழியின்றி நாமே கற்றுக்கொண்டு செய்தோம். இரண்டு தவறுகளும் செய்தோம். அவற்றையும் மறைக்காமல் சொல்கிறோம், அன்பர்கள் அதே தவறுகளைச் செய்யாதிருக்கும் பொருட்டு.

லென்ஸுக்குள் என்ன இருக்கிறது?

லென்ஸ் என்பது ஒரே கண்ணாடி அன்று. ஹீலியோஸ் 44-2-ல் 6 கண்ணாடிகள் 4 தொகுதிகளாக உள்ளன. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் இரண்டிரண்டு கண்ணாடிகளைப் பசையால் ஒட்டிய இரு ஜோடிகள். இரண்டு ஜோடிகளுக்கும் இடையே ஒளியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் அபெர்ச்சர் தகடுகள் 8 உள்ளன. இந்த வடிவம் ரஷ்யர்கள் புதிதாகக் கண்டதன்று. போருக்கு முன்பே ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் நிறுவனம் செய்த பயோட்டார் லென்ஸைத் தழுவியது. ஜப்பான் லென்ஸ்களிலும் 50 மில்லிமீட்டர் அளவில் வந்தவை பெரும்பாலும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. எனவே ஒன்றின் அமைப்பைப் புரிந்துகொண்டால் மற்றவையும் ஓரளவு புரியும்.

இன்னொரு செய்தி. கண்ணாடியின் மேல் மிக மெல்லிய ஒரு பூச்சு உண்டு. சாய்த்துப் பார்த்தால் நீலமாகவோ ஊதாவாகவோ தெரிவது அதுதான். பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன் மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். நம் லென்ஸில் காற்றைத் தொடும் பரப்புகள் 8. கணக்குப் போட்டால் கால் பங்குக்கு மேல் ஒளி வீணாகும். அது வீணாவதோடு நில்லாமல் உள்ளேயே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். 1935-ல் ஜெய்ஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மக்குலா என்பவர் இதற்குப் பூச்சு முறையைக் கண்டார். பழைய லென்ஸ்களில் இந்தப் பூச்சு மெல்லியது, சிலவற்றில் மிகவும் மென்மையானது. அழுத்தித் துடைத்தால் அழுக்கோடு பூச்சும் போய்விடும். போனால் திரும்ப வராது.

பழையது என்றாலே கெட்டது என்றும் எண்ண வேண்டாம். 1890-களிலேயே இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லர் என்னும் லென்ஸ் வல்லுநர், காலப்போக்கில் நிறம் மாறிய சில பழைய லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியை விடுவதைக் கவனித்தார். பூச்சு பற்றிய எண்ணமே அங்கிருந்துதான் தொடங்கியது. ஆகவே நிறம் மாறியிருக்கிறதே என்று தேய்க்கக் கிளம்பிவிடக் கூடாது.

முதலில் சாம்பிள் பார்க்க வேண்டும்

மூட்டை வந்ததும் குத்தூசியால் சாம்பிள் எடுத்து, உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்க்கிறோம் அல்லவா? லென்ஸையும் அப்படியே பார்க்க வேண்டும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கத்தில் சாய்வாகப் பிடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். அபெர்ச்சரை முழுதும் திறந்து வைக்க வேண்டும். இரு பக்கமும் மாற்றிப் பாருங்கள். காண்பவை கீழ்க்கண்டவற்றுள் ஒன்றாக இருக்கும்.

தூசி: தனித்தனிப் புள்ளிகள். பத்து இருபது இருந்தாலும் படத்தில் தெரியாது. இதற்காக லென்ஸைப் பிரிக்கவே வேண்டாம்.

குமிழி: கண்ணாடிக்குள்ளேயே சிறு காற்றுக் குமிழ்கள். பழைய கண்ணாடியில் இது சகஜம். குறையன்று.

மூட்டம்: கண்ணாடி முழுவதும் ஊதிய மூச்சுப் படிந்தது போன்ற மங்கல். பெரும்பாலும் உள்ளே தடவிய கிரீஸ் வருடக்கணக்கில் ஆவியாகி, அபெர்ச்சர் தகடுகளை நோக்கிய பரப்புகளில் படிந்தது. இதைச் சுத்தம் செய்வது எளிது. செய்தால் பலனும் அதிகம்.

பூசணம்: வேர் போலவோ சிலந்தி வலை போலவோ கிளை விட்டிருக்கும். இதைத் தள்ளிப் போடக் கூடாது. பூசணம் வெளியிடும் அமிலத் தன்மையுள்ள பொருள் பூச்சையும், நாளாக நாளாகக் கண்ணாடியையும் அரிக்கும். முளைத்த சில மாதங்களில் துடைத்தால் சுவடின்றிப் போகும். பல வருடம் ஆனால் பூசணம் போனாலும் தழும்பு நிற்கும்.

ஒட்டு விடுதல்: விளிம்பில் வானவில் நிறமோ, வெள்ளைத் திட்டோ தெரிந்தால் ஜோடிக் கண்ணாடியின் பசை விடுகிறது என்று பொருள். பழைய லென்ஸ்களில் இந்தப் பசை கனடா பால்சம் எனப்படும் ஒரு மரப் பிசின். இதை வீட்டில் சரி செய்ய இயலாது. விட்டுவிடுங்கள்.

மஞ்சள் நிறம்: சில லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் கலந்திருந்தார்கள். ஜப்பானின் சூப்பர் டக்குமார் 50 மில்லிமீட்டர் 1.4 வகையில் சில இப்படிப்பட்டவை. தோரியத்தின் கதிர்வீச்சால் கண்ணாடி நாளடைவில் பழுப்பேறும். துடைத்தால் போகாது. வெயிலில் சில நாள் அல்லது சில வாரம் வைத்தால் பெரும்பாலும் தெளியும். அப்படி வைக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. லென்ஸ் வெயிலைக் குவித்துத் தீ மூட்டும். சாக்கு, காகிதம், துணி எதுவும் அருகில் இருக்கக் கூடாது. கடை மாடியில் சாக்குகளின் மேல் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்கவும் கூடாது.

வேண்டிய சாமான்கள்

பெரிய செலவில்லை. ரப்பர் காற்று ஊதி ஒன்று, மென்மையான தூரிகை ஒன்று, லென்ஸ் துடைக்கும் மெல்லிய தாள், பஞ்சு சுற்றிய குச்சிகள், 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், டிஸ்டில்டு வாட்டர், பழைய மாதிரி சிகரெட் லைட்டரில் ஊற்றும் திரவம். லைட்டர் திரவமும் ஆல்கஹாலும் தீப்பற்றும். அடுப்பு, ஊதுபத்தி, விளக்கு இருக்கும் இடத்தில் திறக்கக் கூடாது. சன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்ய வேண்டும்.

திருப்புளிகள் சிறியனவாகவும், முனை தேயாதனவாகவும் இருக்க வேண்டும். ஜப்பான் லென்ஸ்களில் உள்ள கூட்டல் குறித் திருகுகள் ஜே.ஐ.எஸ். என்னும் ஜப்பானிய அளவில் செய்தவை. நம்மூர்க் கடையில் கிடைக்கும் ஸ்டார் திருப்புளி அவற்றில் சரியாக உட்காராது. அழுத்தித் திருகினால் தலை மழுங்கிவிடும். ஜே.ஐ.எஸ். என்று கேட்டு வாங்குவது நல்லது.

இரண்டு பள்ளங்கள் உள்ள வளையங்களைத் திருக, இரு முனை உள்ள லென்ஸ் ஸ்பேனர் வேண்டும். பள்ளம் இல்லாத பெயர் வளையத்துக்கு ரப்பரே கருவி. வளையத்தின் அளவுள்ள ஒரு பாட்டில் மூடியில் சைக்கிள் டியூப் துண்டை இழுத்து ஒட்டினால் போதும். நடுக் கண்ணாடியில் படாமல் வளையத்தில் மட்டும் அமுக்கித் திருக வேண்டும்.

கழற்றிய திருகுகளைப் போட்டு வைக்க மிக உகந்தது நம் அஞ்சறைப் பெட்டி. சமையலறையில் உள்ளதை எடுக்க வேண்டாம், மசாலாத் தூள் லென்ஸுக்கு ஆகாது. கடையிலிருந்து புதியது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கழற்றியது முதல் கிண்ணத்தில், அடுத்தது அடுத்த கிண்ணத்தில் என்று வரிசை தவறாமல் போட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் முன்னால் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேரேட்டில் பதியாத வரவு செலவு போன்றது படம் எடுக்காமல் கழற்றிய திருகு. பிறகு நினைவுக்கு வராது.

வெளிக் கண்ணாடியைத் துடைக்கும் முறை

பாதி லென்ஸ்களுக்கு இது மட்டுமே போதும். முதலில் காற்று ஊதியால் தூசியைப் போக்க வேண்டும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் துளி விழும். அடுத்துத் தூரிகையால் மெல்லத் தட்ட வேண்டும். அதன் பிறகே ஈரத் துடைப்பு. திரவத்தைக் கண்ணாடியில் ஊற்றாமல் தாளில் ஒன்றிரண்டு துளி விட்டு, நடுவிலிருந்து விளிம்புக்குச் சுழற்றித் துடைக்க வேண்டும். ஊற்றினால் விளிம்பு வழியே உள்ளே இறங்கி, கறுப்பு மையைக் கரைத்துக் கறை செய்யும். ஒருமுறை துடைத்த தாளை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

நாம் செய்த முதல் தவறு இங்கேதான். தூசியை ஊதாமல், தோளில் கிடந்த துண்டின் நுனியால் முன் கண்ணாடியை அழுத்தித் துடைத்தோம். துண்டில் இருந்த மணல் துகள் கண்ணாடியில் வட்ட வட்டமாகக் கீறிவிட்டது. 40 வருடம் பீரோவில் கிடந்தபோது விழாத கீறல், நம் கையால் ஒரு நிமிடத்தில் விழுந்தது.

உள்ளே திறக்கும் முறை

மூட்டமோ பூசணமோ உள்ளே இருந்தால்தான் பிரிக்க வேண்டும். பிரிக்கும் முன், ஒன்றுக்கும் உதவாத பழைய லென்ஸ் ஒன்று கிடைத்தால் அதில் கை பழகிக்கொள்வது உத்தமம்.

இந்த வகை லென்ஸில் வழக்கமான வரிசை இது. பெயர் பொறித்த முன் வளையத்தை ரப்பர் கருவியால் இடப்பக்கமாகத் திருகிக் கழற்ற வேண்டும். பிறகு முன் தொகுதியை ஸ்பேனரால் திருகினால் மொத்தமாக வரும். பின்பக்கத் தொகுதியும் அவ்வாறே. இரண்டையும் எடுத்துவிட்டால் நடுவில் அபெர்ச்சர் தகடுகள் தெரியும். தொகுதிகளின் உட்புறப் பரப்புகளே மூட்டமும் பூசணமும் அதிகம் படியும் இடம். பெரும்பாலான லென்ஸ்களுக்கு இந்த அளவு பிரித்தாலே போதுமானது. லென்ஸுக்கு லென்ஸ் சிறு வேறுபாடு இருக்கும். சில லென்ஸ்களில் வளையத்தைப் பிடித்திருக்கும் மிகச் சிறிய பக்கத் திருகு ஒன்று மறைந்திருக்கும். திருகு வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாமல் அத்தகைய பக்கத் திருகு உண்டா என்று தேடுங்கள். இல்லையென்றால் மரையின் விளிம்பில் ஒரு துளி லைட்டர் திரவம் வைத்துக் காத்திருங்கள். சில மணி நேரத்தில் இளகும்.

தனிக் கண்ணாடியை எடுக்க நேர்ந்தால், எந்தப் பக்கம் முன்புறம் என்று அதன் கறுப்பு விளிம்பில் பென்சிலால் ஓர் அம்புக் குறி போட்டுவிட வேண்டும். இரு பக்கமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். தலைகீழாகப் போட்டுவிட்டால் படம் எங்கும் தெளியாது, காரணமும் விளங்காது. கண்ணாடியை விரலால் கிள்ளி எடுக்காமல், மெத்தென்ற துணியின் மேல் கவிழ்த்து மெல்லத் தட்டினால் தானே இறங்கும்.

பூசணத்தைப் போக்கும் கலவை

முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலேயே துடைத்துப் பாருங்கள். புதிய பூசணம் அதிலேயே போய்விடும். போகாவிட்டால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் வீட்டு உபயோக அம்மோனியாக் கரைசலும் சம அளவு கலந்து பயன்படுத்தலாம். மருந்துக் கடையில் 6 சதவீதம்தான் கிடைத்தால், அதே அளவு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தால் 3 ஆகும். ஒரு தேக்கரண்டி அளவுக்கு மட்டும் அவ்வப்போது கலந்துகொள்ள வேண்டும். மூடிய பாட்டிலில் வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். பஞ்சுக் குச்சியால் தடவி, ஓரிரு நிமிடத்தில் டிஸ்டில்டு வாட்டராலும் பின்பு ஆல்கஹாலாலும் துடைத்துவிட வேண்டும். அதிக நேரம் விட்டால் அம்மோனியா சில பூச்சுகளைக் கெடுக்கும். ஒட்டிய ஜோடியின் விளிம்பில் படவே கூடாது. எந்தக் கண்ணாடியையும் திரவத்தில் ஊறப் போடக் கூடாது.

நம் வணிகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கடையில் பிளீச்சிங் பவுடரும் பிளீச்சிங் திரவமும் கை எட்டும் தூரத்தில் இருக்கும். அம்மோனியாவோடு அவை சேர்ந்தால் நச்சு வாயு எழும். இந்த வேலையைக் கடையில் வைத்துச் செய்யாதீர்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். குழந்தைகள் அருகில் இருக்க வேண்டாம்.

பற்பசை, சோடா உப்பு, வினிகர், எலுமிச்சை என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பற்பசையும் சோடா உப்பும் தேய்க்கும் பொருள்கள், கண்ணாடியைச் சொரசொரப்பாக்கும். வினிகரும் எலுமிச்சையும் அமிலங்கள், பூச்சுக்கு ஆகா. இவை எதுவும் வேண்டாம்.

கிரீஸும் எண்ணெயும்

அபெர்ச்சர் தகடுகளில் எண்ணெய் என்பதே இருக்கக் கூடாது. தையல் இயந்திரத்துக்குப் போடுவது போல் ஒரு சொட்டு விட்டால் இலகுவாகும் என்று எண்ணுவது தவறு. எண்ணெய் படிந்த தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி மெதுவாகவே நகரும். அதன் ஆவி கண்ணாடியிலும் படியும். கண்ணாடித் தொகுதிகளை எடுத்துவிட்ட நிலையில், பஞ்சுக் குச்சியில் லைட்டர் திரவம் தொட்டுத் தகடுகளைத் துடைத்து, திறந்து மூடி, மறுபடி துடைக்க வேண்டும். உலர்ந்ததும் பளிச்சென்று ஓடும். தகடுகளை மட்டும் தனித்தனியாகப் பிரித்துவிடாதீர்கள். காகிதம் போல் மெல்லியவை. மறுபடி கோப்பது பெரும்பாடு.

ஃபோகஸ் வளையம் இறுகியிருப்பதற்குக் காரணம், உள் மரையில் தடவிய கிரீஸ் காய்ந்து பிசினாவது. இந்த மரை சாதாரணத் திருகு மரை போல் ஒரே வழி உள்ளதன்று. ஒரே சமயத்தில் பல வழிகளில் கோக்கக்கூடிய பல்வழி மரை. கழற்றும்போது இரு பாகங்களும் எந்த இடத்தில் விடுபட்டன என்று ஊசியால் இரண்டிலும் ஒரு கோடு கீறி வைக்க வேண்டும். வேறு வழியில் கோத்தால் கைக்கு நன்றாகவே ஓடும். ஆனால் தொலைவில் உள்ளது எதுவும் தெளியாது.

நம் இரண்டாவது தவறு இதில். உரிய கிரீஸ் கையில் இல்லை என்று கடை அலமாரியில் இருந்த வாசலினைத் தடவினோம். மார்கழியில் வளையம் வெண்ணெய் போல் சுழன்றது. சித்திரை வெயிலில் வாசலின் உருகி, தகடுகளுக்குள் இறங்கிவிட்டது. கோடையில் வாசலின் டப்பா என்ன ஆகும் என்பது கடைக்காரரான நமக்குத் தெரியாததா? தெரிந்தும் அவசரப்பட்டோம். முழுவதும் மறுபடி பிரித்துத் துடைத்து, லென்ஸ் மரைக்கென்றே விற்கும் கெட்டி கிரீஸை மிக மெல்லியதாகத் தடவினோம். பருப்பு அளவு போதும். மிஞ்சினால் கெடுதலே.

எல்லாம் மாட்டியபின் பகலில் கேமராவில் போட்டு, தொலைவில் உள்ள கோபுரத்தையோ செல்போன் டவரையோ பாருங்கள். வளையத்தில் எட்டைப் படுக்க வைத்தது போன்ற குறியில் அது தெளிவாகத் தெரிந்தால் வேலை சரி.

எங்கே நிறுத்த வேண்டும்?

இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி இதுதான். கொள்முதலில் இலாபம் என்பது எதை வாங்குவது என்பதில் மட்டுமில்லை, எதை விடுவது என்பதிலும் இருக்கிறது. லென்ஸிலும் அப்படியே. ஒட்டிய ஜோடிகளைப் பிரிக்க வேண்டாம். கீறலை மெருகேற்ற முயல வேண்டாம். ஜூம் லென்ஸையும், தானியங்கி ஃபோகஸ் மோட்டாரும் மின்கம்பிகளும் உள்ள லென்ஸையும் திறக்க வேண்டாம். விலை உயர்ந்த லென்ஸ் என்றால் தெரிந்தவரிடம் கொடுப்பதே சிக்கனம்.

முழுச் சுத்தம் என்ற ஆசையும் வேண்டாம். முன் கண்ணாடியில் ஓரிரு கீறல் இருந்தால் படத்தில் அநேகமாகத் தெரியாது. பின் கண்ணாடியில் உள்ள குறையே அதிகம் பாதிக்கும். ஆகவே கவனத்தைப் பின் கண்ணாடிக்குக் கொடுங்கள். துடைக்கத் துடைக்கப் பூச்சு தேயும் என்பதால், படம் நன்றாக வருகிறது என்றால் அத்துடன் கையை எடுத்துவிட வேண்டும்.

பழைய லென்ஸ் வாங்குவோருக்கும் இதே கணக்குத்தான். சுத்தமான சரக்கு என்று விற்பவர் சொன்னால் போதாது. டார்ச் அடித்துப் பாருங்கள், வளையத்தைத் திருகிப் பாருங்கள், திருகுகளின் தலை மழுங்கியிருக்கிறதா பாருங்கள். மழுங்கியிருந்தால் முன்பே யாரோ கை வைத்திருக்கிறார்கள். சோவியத் லென்ஸ்கள் பலவற்றில் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் செய்த வருடத்தைக் குறிக்கும். நம்முடையது 77-ல் தொடங்குகிறது.

மீண்டும் வராமல் காப்பது

பூசண வித்து காற்றில் எங்கும் இருக்கிறது. அதை ஒழிக்க முடியாது. முளைக்க இடம் தராமலிருக்க மட்டுமே முடியும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் சில நாள் தொடர்ந்து நின்றால் முளைக்கும். மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் இது சாதாரணம். 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்தால் பயமில்லை. அளப்பதற்குச் சிறிய ஈரப்பதமானிகள் கிடைக்கின்றன.

மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் கட்டை மேல் அடுக்குகிறோம், வெயில் நாளில் கிடங்கைத் திறந்து காற்று விடுகிறோம், முதலில் வந்ததை முதலில் தள்ளுகிறோம். லென்ஸுக்கும் இவை பொருந்தும். தோல் உறையில் வைக்கக் கூடாது, தோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று பொருள். சூடாக்கி உலர்த்தி மீண்டும் போடலாம். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, வளையங்களைத் திருகி, நாலு படம் எடுங்கள். புழங்காத சரக்கே முதலில் கெடும்.

அரிசிக்குள் புதைத்து வைக்கலாமே என்று சிலர் கேட்பர். நம் கிடங்குக்கு வரும் அரிசியிலேயே 13, 14 சதவீத ஈரம் இருக்கிறது. அது லென்ஸை உலர்த்தாது. தவிடும் தூசியும்தான் மரைக்குள் போகும். பாச்சை உருண்டையும் கற்பூரமும் பக்கத்தில் வேண்டாம், அவற்றின் ஆவி கண்ணாடியில் படியும்.

நம் ஹீலியோஸ் லென்ஸ் புதிதாகிவிடவில்லை. பூசணம் போய்விட்டது, ஆனால் ஒரு கண்ணாடியில் அதன் வேர்ச் சுவடு மெல்லிய கோடாக நிற்கிறது. வெளிச்சத்துக்கு எதிராகப் படம் எடுத்தால் சற்று வெளிறுகிறது. வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்தால் குறையே தெரியவில்லை. ஐந்து வருடம் முன்னால் பீரோவைத் திறந்திருந்தால் அந்தச் சுவடும் விழுந்திருக்காது என்ற வருத்தம் மட்டும் உண்டு. சென்ற புதுக்கணக்கு அன்று பேரன் அந்த லென்ஸை மாட்டி, அதே கல்லாவில் நம்மை உட்கார வைத்துப் படம் எடுத்தான். அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டியிருக்கிறோம்.

ஆகவே அன்பர்கள் வருகிற வார விடுமுறையில் பீரோவைத் திறந்து, தோல் உறையை அவிழ்த்து, லென்ஸில் டார்ச் அடித்துப் பாருங்கள். கெட்டிருந்தால் மேலே சொன்னபடி செய்யுங்கள். கெடாதிருந்தால் உறையிலிருந்து எடுத்து உலர்ந்த டப்பாவில் வையுங்கள். சரக்கு கெட்டபின் சலிப்பதைவிடக் கெடாமல் காப்பதே வணிகனுக்கு அழகு.